கடைசி இரவு: கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்

இரவு பத்து மணி. நேற்றுவரை துடைத்துவிட்டாற்போல் கிடந்த தாழ்வாரம் இப்போது ரயில்வே பார்சல் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. ஒவ்வோர் அறைக்கு வெளியிலும் இரண்டு, மூன்று சூட்கேஸ்கள். கறுப்பு, கறுப்பு, நீலம், மறுபடி கறுப்பு. எல்லாவற்றின் கைப்பிடியிலும் ஒரு காகிதப் பட்டை, அதில் ஓர் எண். ஒரு கதவு திறக்கிறது. லுங்கி கட்டிய ஒருவர் எட்டிப் பார்க்கிறார். இருபுறமும் யாரும் இல்லை என்று தெரிந்ததும், வெளியே வைத்த பெட்டியைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்கிறார். காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை அதற்குள் இருக்கிறது.

இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் பெட்டி கீழ்த்தளத்துக்குப் போயிருக்கும். பிறகு அதைக் கரையில்தான் பார்க்க முடியும்.

அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் மாதத்தில் கல்யாண மண்டபம் எடுத்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். இந்த வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த வீட்டாரின் பாத்திரங்கள் பின்வாசலில் இறங்கிக்கொண்டிருக்கும். மேனேஜர் சிரித்த முகத்தோடு நான்கைந்து முறை வந்து நின்றுவிட்டுப் போவார். சொகுசுக் கப்பலின் கடைசி இரவும் அப்படித்தான். பயணி தன் விடுமுறையின் கடைசி மணிகளில் இருக்கிறார். கப்பலோ அடுத்த பயணத்துக்கான வேலையைத் தொடங்கிவிட்டது.

2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலைப் பார்த்தால் அந்த அவசரத்தின் அளவு தெரியும். ஏறத்தாழ 365 மீட்டர் நீளம், 2,805 அறைகள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். முழுக்க நிரம்பினால் 7,600 பேர். ஆளுக்கு ஒரு பெட்டி என்றாலே ஐயாயிரத்துக்கு மேல். கப்பல் சனிக்கிழமை விடியற்காலையில் துறைமுகத்துக்கு வரும். அன்று மாலையே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பழைய பயணிகள் இறங்க வேண்டும், அவர்கள் பெட்டிகள் இறங்க வேண்டும், எல்லா அறைகளும் சுத்தமாக வேண்டும், ஒரு வாரத்துக்கான சாமான் ஏற வேண்டும், புதிய பெட்டிகள் ஏற வேண்டும். ஆகவேதான் பெட்டிகளை முதல் நாள் இரவே கேட்கிறார்கள்.

கடைசி இரவின் வேலைகளைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்பவர் வரிசையில் நிற்பார். அதற்கு முந்தைய நாளே பாதியை முடித்தவர் மேல்தளத்தில் காற்று வாங்குவார். இந்த அத்தியாயம் அந்த வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது என்று சொல்கிறது.

முந்தைய நாள்: கணக்குப் பார்க்கும் நாள்

கப்பலுக்குள் கையில் காசு புழங்குவதில்லை. ஏறும்போது தரும் அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பற்றுக் கணக்கு எல்லாம். குழந்தை குடித்த ஜூஸிலிருந்து தாத்தா எடுத்துக்கொண்ட போட்டோ வரை எல்லாமே அந்தக் கணக்கில் ஏறும். கடைசி இரவில் கணக்கை மூடி, பயணத் தொடக்கத்தில் பதிவு செய்த கார்டிலிருந்து தொகையை எடுத்துக்கொள்வார்கள். பல கப்பல்களில் விடியற்காலையில் கதவிடுக்கில் பில் கிடக்கும். சிலவற்றில் செயலியில் மட்டும் வரும்.

பில்லைக் காலையில் பார்த்துவிட்டுத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கமான தவறு. அந்த நேரத்தில் வரவேற்பு மேசைக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். அறை டிவியிலோ செயலியிலோ அன்றாடக் கணக்கைப் பார்க்க முடியும். இறங்குவதற்கு முந்தைய நாள் பகலில், எல்லோரும் நீச்சல் குளத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிடுவது நல்லது. அறையின் குளிர்பெட்டியில் எடுக்காத தண்ணீர் பாட்டில், ஒரே போட்டோவுக்கு இரண்டு முறை கட்டணம், ரத்து செய்த கரைச் சுற்றுலா ஆகியவைதான் அதிகம் தகராறு வரும் இனங்கள். மேசையில் ஆள் இல்லாத நேரத்தில் போனால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும்.

கூடவே பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு.

கப்பல் செலவுக்கென்று நிறுவனமோ பயண முகவரோ கணக்கில் போட்டுத் தந்த தொகை இருந்தால், அதில் மீதி எவ்வளவு என்று கேட்க வேண்டும். அத்தகைய தொகையில் திருப்பித் தருவதும் உண்டு, தராததும் உண்டு. திருப்பித் தராதது கடைசி இரவோடு காலாவதியாகிவிடும். அதைக் கடையிலோ, காபி பாரிலோ, டிப்ஸ் கணக்கிலோ கழித்துவிடலாம்.

கப்பல் மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் செலவும் இதே கணக்கில்தான் ஏறும். பயணக் காப்பீட்டில் திரும்பப் பெற வேண்டுமானால் மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் போதாது. ஆலோசனைக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதும் மருத்துவரின் குறிப்பும் வேண்டும். இறங்கியபின் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதைவிட மருத்துவ அறையிலேயே கேட்டு வாங்குவது எளிது.

காசினோவில் சில்லுகள் மிச்சமிருந்தால் அன்றிரவே மாற்றிவிட வேண்டும். கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் காசினோவும் வரியில்லாக் கடைகளும் மூடப்படும். காலையில் திறக்கமாட்டார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கப்பல் கணக்கோடு இணைத்தால், செலவை ஈடுகட்டக் கப்பல் நிறுவனம் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். பயணம் முடிந்து உண்மையான பில் தொகையை எடுத்த பிறகும், பிடித்துவைத்தது விடுபடப் பல நாட்கள் ஆகலாம். சிங்கப்பூரில் இன்னும் இரண்டு நாள் தங்கும் திட்டம் இருந்தால் கையில் காசு இருந்தும் இல்லாத கதைதான். கிரெடிட் கார்டில் இந்தத் தொல்லை குறைவு. ரொக்கமாக முன்பணம் கட்டியவர்கள், மீதியை எந்த மேசையில், எத்தனை மணிக்குள் வாங்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவைப்பது அவசியம்.

டிப்ஸ்: கவர் போய்க் கணக்கு வந்தது

ஒரு காலத்தில் கப்பலின் கடைசி இரவு என்றாலே கவர்களின் இரவு. அறைப் பணியாளருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று என்று பணம் வைத்துச் சாப்பாட்டு மேசையில் கொடுப்பார்கள். எவ்வளவு வைப்பது என்று கணவன் மனைவிக்குள் மாலையிலிருந்தே விவாதம் நடக்கும். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் அது தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை. குழந்தைக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

தொகை சிறியதாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான்கு பேர், நான்கு இரவு, நாளுக்கு 18 டாலர் என்றால் 288 டாலர். டிக்கெட் வாங்கும்போதே இதைக் கட்டிவிட்டோமா, கப்பலில் கட்ட வேண்டுமா என்பது தெரியாமல் கடைசி இரவில் திகைக்கிற குடும்பங்கள் நிறைய. சீபோர்ன், சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற உயர்விலை நிறுவனங்கள் டிப்ஸைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் தினசரி டிப்ஸ் கட்டணத்தையே எடுத்துவிட்டது. ஆக, பொது விதி என்று ஒன்று கிடையாது. பயண ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இரட்டை டிப்ஸிலும் கவனம் வேண்டும். பல கப்பல்களில் பானங்களுக்கும் மசாஜுக்கும் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதே ரசீதின் அடியில் 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி இடமும் இருக்கும். அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அதற்காகக் கவர் வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தினமும் படுக்கைமேல் துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்துவைத்த அறைப் பணியாளருக்கோ, பாட்டிக்கு மிளகாய் குறைவாகச் சமைக்கச் சொல்லி நான்கு நாளும் நினைவாகச் செய்த பரிமாறுபவருக்கோ தனியாகக் கொடுக்க விரும்பினால் கையில் கொடுக்கலாம். இவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரே ஒப்பந்தத்தில் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை வீடு திரும்பாமல் வேலை செய்கிறவர்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இவர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வும், ஏழு நாளில் 77 மணி ஓய்வும் தர வேண்டும் என்கிறது. பயணிகள் மாறும் நாளில் அந்தப் பத்து மணிக்கு வெளியே ஒரு நிமிடம்கூட அவர்கள் உட்கார்வதில்லை. காசு கொடுக்காவிட்டாலும் பயணம் முடிந்து வரும் கருத்துப் படிவத்தில் பணியாளரின் பெயரை எழுதினால் அது அவர் மேலதிகாரி கண்ணில் படும். பெயர், சட்டையில் குத்திய பட்டையில் இருக்கும். கடைசி இரவில் குறித்துக்கொண்டால் போதும்.

பெட்டி கட்டும் கலை

கடைசி நாள் காலையிலோ மதியத்திலோ அறைக்கு எண் போட்ட பட்டைகள் வரும். சில கப்பல்களில் நிறமும் இருக்கும். அந்த எண்தான் இறங்கும் வரிசை. அதிகாலை விமானம் வைத்திருப்பவர்களுக்குச் சிறிய எண்கள், ஊரிலேயே தங்குபவர்களுக்குப் பெரிய எண்கள் என்பது பொதுவான ஏற்பாடு. கொடுத்த எண் பொருந்தவில்லை என்றால் அன்று மாலைக்குள் மாற்றிக் கேட்கலாம். ஒரே குடும்பம் மூன்று அறைகளில் இருந்தால் மூன்றுக்கும் ஒரே எண்தானா என்று பார்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் தாத்தா, பாட்டி ஒரு மணி நேரம் முன்னதாகக் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் மகனின் பையில் கப்பலில் இருக்கும்.

பழைய பட்டைகளைக் கிழித்துவிட்டுப் புதிய பட்டையை ஒவ்வொரு பெட்டியிலும் இறுகக் கட்ட வேண்டும். பெட்டிகளை இரவு ஆறு, ஏழு மணியிலிருந்து பத்து, பதினொரு மணிக்குள் வெளியே வைக்கச் சொல்வார்கள். சரியான நேரம் அன்றைய அறிவிப்புத் தாளில் இருக்கும். பணியாளர்கள் கூண்டு வண்டிகளில் ஏற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோவார்கள். கப்பல் கரை சேர்ந்ததும் அவை முனையத்தின் கூடத்தில் எண்வாரியாக அடுக்கப்படும்.

இனி பேண்ட் கதை. கப்பல் ஊழியர்கள் எல்லோரும் ஒரு பேண்ட் கதை வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்து, பெட்டியை வெளியே வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. இரவு உடையும் கப்பல் செருப்பும்தான் மிச்சம். "என்னங்க, உங்க பேண்ட்டையும் சேர்த்து உள்ள வெச்சுட்டேனா?" என்று ஒரு குரல் கேட்கும். பதில் வராது. சுங்க வரிசையில் பூப்போட்ட அரை டிரவுசரும் சட்டைக்குப் பதில் கம்பளிச் சால்வையுமாக நிற்பவரைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

தீர்வு சுலபம். பெட்டியைத் தொடுவதற்கு முன்பே மறுநாள் போட வேண்டிய முழு உடையையும், உள்ளாடையும் காலணியும் உட்பட, நாற்காலியில் எடுத்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மடிக்கத் தொடங்க வேண்டும்.

கையோடு இருக்க வேண்டிய பையில் இவை கட்டாயம்: பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் விவரம், பணம், நகை, மருந்து, மூக்குக்கண்ணாடி, போன், சார்ஜர், பல் துலக்கும் பொருட்கள், கப்பல் அட்டை, குழந்தைக்கு ஒரு மாற்று உடை. ஆசியப் பயணங்களில் சில கப்பல்கள் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அதை எங்கே, எத்தனை மணிக்குத் திருப்பித் தருவார்கள் என்பதைக் கடைசி நாள் அறிவிப்பில் தேடிப் படிக்க வேண்டும்.

அறையின் இரும்புப் பெட்டி இன்னொரு பொறி. நான்கு நாளாகத் தொடாமல் வைத்த பாஸ்போர்ட்டும் தாலிச் சங்கிலியும் அதற்குள் இருப்பது மறந்தே போகும். அனுபவப்பட்ட பயணிகள் ஒரு வேடிக்கையான உத்தி கையாள்கிறார்கள்: மறுநாள் போடும் காலணியில் ஒன்றை மட்டும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஒற்றைக் காலணியோடு யாரும் அறையை விட்டுக் கிளம்பமாட்டார்கள்.

பெட்டியை வெளியே வைக்காமல் தாமே தூக்கிக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. பெரும்பாலான கப்பல்கள் இதை அனுமதிக்கின்றன. அவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். பெட்டி தேடும் வேலையும் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் மின்தூக்கிகள் நிரம்பி வழியும். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இது பொருந்தும். முட்டிவலிக்காரரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் பட்டையைக் கட்டி வெளியே வைப்பதே மேல். சக்கர நாற்காலி வேண்டுமானால் முதல் நாளே வரவேற்பு மேசையில் பதிய வேண்டும். காலையில் கேட்டால் வரிசை நீளம்.

பாட்டில்கள், பழங்கள், சுங்கம்

வழியில் துறைமுகக் கடைகளிலும் கப்பலின் வரியில்லாக் கடையிலும் வாங்கிய மதுப்புட்டிகளைக் கப்பல் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி இரவில்தான் அறைக்கு அனுப்பும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. பெட்டி ஏற்கெனவே வெளியே போயிருக்கும். பாட்டில் கைப்பையில் ஏறும். அதே கைப்பையோடு விமான நிலையம் போனால், 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். முனையத்தில் பெட்டி கைக்கு வந்ததும் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே மாற்றி, விமானத்தில் செக்-இன் செய்வதுதான் வழி. பவர் பேங்க்குக்கு இது நேர்மாறு. அதை விமானத்தின் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பைக்கு மாற்ற வேண்டும்.

சிங்கப்பூரில் முடியும் பயணங்களுக்கு ஒரு தனி விதி உண்டு. மது வரிவிலக்குக் கிடைக்க வேண்டுமானால் பயணிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக் கூடாது. பினாங்கோ போர்ட் கிளாங்கோ கடைசித் துறைமுகமாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வரி கட்ட வேண்டும். சிகரெட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி கட்டியாக வேண்டும். மின்-சிகரெட் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். சூயிங் கம்மும் கொண்டுவரக் கூடாது. வெளிநாட்டுப் பயணிகள் இலவச மின்னணு வருகைப் படிவத்தைக் கரை சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலின் இணைய இணைப்பு காலையில் தகராறு செய்யும். படிவத்தைக் கடைசி மாலையிலேயே முடித்துவிடலாம்.

அமெரிக்கத் துறைமுகங்களில் கண்டிப்பு பழத்தின் மேல். காலைச் சாப்பாட்டு மேசையில் எடுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் குழந்தையின் பையில் கிடந்தால் அதுவும் வேளாண் பொருள்தான். 2018-இல் பாரிஸிலிருந்து வந்த விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிய ஒரு பயணிக்கு 500 டாலர் அபராதம் விதித்த செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. கப்பலில் எடுத்ததைக் கப்பலிலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

சென்னையிலிருந்தும் இந்த அனுபவம் கிடைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2022 ஜூன் 4 அன்று கார்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து தொடங்கிவைத்தார். 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் பயணம் தொடங்கிய கப்பல் அது. 2023-இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. இலங்கை சென்று திரும்பும் பயணம் வெளிநாட்டுப் பயணம் என்பதால் சென்னையில் இறங்கும்போது குடிநுழைவும் சுங்கமும் உண்டு. சொந்த ஊர்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டால் அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசிச் சாப்பாடு

இவ்வளவு வேலையையும் மாலை ஐந்து மணிக்குள் முடித்தவருக்குத்தான் இரவுச் சாப்பாடு ருசிக்கும். பெரிய கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் கடைசி இரவுகளில் ஒன்றில் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் வரிசையாக வருவார்கள், பாட்டு ஓடும், விருந்தினர்கள் கைத்துண்டைத் தலைக்குமேல் சுழற்றுவார்கள்.

அந்த ஊர்வலத்தின் பழைய நாயகன் 'பேக்டு அலாஸ்கா' என்ற இனிப்பு. கேக்கின்மேல் ஐஸ்கிரீம்; அதன்மேல் முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரையாக அடித்து மூடி, சூட்டில் வெளிப்புறத்தை மட்டும் சிவக்க வைப்பார்கள். நுரைக்குள் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடாததால் ஐஸ்கிரீம் உருகுவதில்லை. 1867-இல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியதையொட்டி நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் உணவகத்தில் இது பிறந்ததாக ஒரு கதை உண்டு. முன்பு தீ எரிய எரிய இதை ஏந்தி வருவார்கள். இன்று பல கப்பல்களில் தீ இல்லை, சிலவற்றில் ஊர்வலமே இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் கைதட்டிவிட்டு வேறு இனிப்புக் கேட்கலாம். இதன் நுரையே முட்டைதான்.

சைவ உணவுக்காரர்கள் தலைமைப் பரிமாறுபவரிடம் முந்தைய இரவே சொல்லிவைத்தால் மறுநாளைக்குப் பருப்பும் சாதமும் தயிரும் தனியாகத் தயாராகும். கடைசி இரவு பரிமாறுபவர்களும் பரபரப்பில் இருப்பார்கள் என்பதால் இதையும் ஒரு நாள் முன்னதாகவே சொல்வது உதவும்.

தூங்குவதற்கு முன் கடிகாரம்

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்தின் புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியபோது போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறியிருக்கும். பிறகு கடலில் சிக்னல் இல்லாமல் அதிலேயே நின்றுவிடும். அந்தப் போனில் காலை ஆறு மணிக்கு வைத்த அலாரம், சிங்கப்பூர் நேரம் ஏழு மணிக்குத்தான் அடிக்கும். அறைத் தொலைக்காட்சியில் தெரியும் கப்பல் நேரத்தோடு போனைச் சரிபார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. போனை விமானப் பயன்முறையில் வைத்திருப்பதும் அவசியம். கடலின் நடுவே கப்பலின் அலைபேசிக் கோபுரத்தோடு அது இணைந்துகொண்டால் ரோமிங் கட்டணம் மறுநாள் தூக்கத்தைக் கெடுக்கும்.

இறங்கும் காலை

கப்பல் பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் கரை சேரும். அதிகாரிகள் அனுமதி தரும்வரை யாரும் இறங்க முடியாது. அறையை எட்டு மணியை ஒட்டிக் காலி செய்யச் சொல்வார்கள். எண் அழைக்கும்வரை பொதுக்கூடத்தில் உட்கார வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேல்தளத்து பஃபேக்கு ஓடுவார்கள். பிரதான உணவுக்கூடம் திறந்திருந்தால் அங்கே பெரும்பாலும் கூட்டம் குறைவு. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு தளம் படியில் இறங்கிவிடலாம்.

வாசலில் கப்பல் அட்டையைக் கடைசியாக ஒரு முறை இயந்திரத்தில் காட்ட வேண்டும். 'டிங்' என்று ஒரு சத்தம். கணக்கில் அந்தப் பயணி இறங்கிவிட்டார். பிறகு ஏதாவது மறந்துவிட்டது என்று திரும்ப ஏற முடியாது. அமெரிக்கத் துறைமுகங்களில் பழைய பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகே புதியவர்களை ஏற்றுவார்கள். தொடர்ந்து அடுத்த பயணத்துக்கும் டிக்கெட் எடுத்தவர்கள்கூட ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். எனவே ஒரே ஒருவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஒலிபெருக்கி அவர் பெயரை விடாமல் கூப்பிடும்.

முனையத்தில் பெட்டியை எடுக்கும்போது நிறத்தை நம்பாமல் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். உடைந்திருந்தாலும் காணவில்லை என்றாலும் முனையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை நண்பகலுக்கு முன் எதுவும் வேண்டாம். 2012-இல் திறந்த சிங்கப்பூர் மரினா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் சுமார் 20 கி.மீ.தான், டாக்ஸியில் அரை மணி நேரம். மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையமும் அருகிலேயே இருக்கிறது. இருந்தும் டாக்ஸி வரிசைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. கப்பலே தாமதமாக வருவதும் உண்டு. டாம்பா, கால்வெஸ்டன் துறைமுகங்களைக் குளிர்காலத்தில் மூடுபனி மணிக்கணக்கில் முடக்கிவிடும். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதிப் பெரிய பாலம் இடிந்து துறைமுகம் அடைபட்டபோது, அங்கிருந்து புறப்பட்டுப் போயிருந்த 'கார்னிவல் லெஜெண்ட்' கப்பல் வெர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்துக்குத் திரும்பியது. பயணிகளைப் பல மணி நேரம் பஸ்ஸில் பால்டிமோருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இறங்கும் நாளன்று காலை பதினொரு மணிக்கு விமானம் வைத்திருந்தவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு வந்து சேர்ந்த பிறகு ஓரிரு நாள் குளியலறையில் கண்ணை மூடினால் தரை மெல்ல ஆடுவது போல் இருக்கும். கடல் அசைவுக்குப் பழகிய மூளை நிலத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கப்பலின் கடைசி பில்லையும் பெட்டியில் கட்டிய எண் பட்டையையும் மட்டும் உடனே குப்பையில் போட வேண்டாம். கப்பல் நிறுவனம் எடுத்த தொகை கார்டு கணக்கில் வந்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை அவை மேஜை இழுப்பறையில் இருக்கட்டும்.